இருசப்பன் சொன்ன மழை

"என்னம்மா கலைமதி, பொட்டி படுத்துக்கிச்சா?"

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டார் மேஸ்திரி இருசப்பன். கலைமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மரக்காணத்து உப்புக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்தே அவருக்கு அதன் மேல் ஓர் இளக்காரம். வாய் நிறைய 'பொட்டி' என்றுதான் சொல்வார். ஆனாலும் லாரிகளுக்கு லோடு சீட்டு அடிக்கக் கலைமதி ஜாவாவில் எழுதிய புரோகிராம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன சனிக்கிழமை வரைக்கும்.

சனிக்கிழமை, சென்னை ஆபீஸில் சொன்னார்கள் என்று புது மெயில் சாஃப்ட்வேர் போட்டாள். அதோடு சும்மா இருந்திருக்கலாம். ஆசை யாரை விட்டது? புரோகிராம் எழுதும் சாஃப்ட்வேரையும் கையோடு புதுசாக்கி, லோடு சீட்டு புரோகிராமை அதில் போட்டு எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை காலையில் திறந்தால், திரை முழுக்க எர்ரர். முதல் லாரிக்கே சீட்டு வரவில்லை.

முதலாளி மணிவண்ணன் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"மூணு மணிக்கு வந்து பாப்பேன். ஓடலைன்னா, பாண்டிச்சேரி கம்பெனி ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்குது, அவங்ககிட்ட குடுத்துடறேன். நாளையில இருந்து நீ வர வேணாம்மா."

சொல்லிவிட்டு அறைக்குள் போய் ஃபோனை எடுத்தவர்தான். இன்னும் வைத்தபாடில்லை.

கீழ்புத்துப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்து பார்க்கும் முதல் வேலை. வீட்டில் அவள் ஒருத்தியின் சம்பளம்தான் எல்லாருக்கும். காலையிலிருந்து கலைமதி பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

"ஆமா, படுத்துக்கிச்சுதான். போய் முதலாளிகிட்ட சந்தோஷமா சொல்லுங்க" என்றாள் எரிச்சலாக.

"சரி பண்ண முடியாதா?"

"முடியும். சனிக்கிழமை ஒரே நாள்ல ரெண்டு சாஃப்ட்வேரை மாத்தினேன், அதுல ஏதோ இடிக்குது. நெட்ல தேடினா பதில் கிடைக்கும். நெட்டுக்கு ஃபோன் லைன் வேணும். ஆபீஸுக்கே ஒரு லைன்தான், அதை அவர் விட்டாதானே! ஒரு மணி நேரம் குடுங்கன்னு கேட்டேன். என் வியாபாரத்தை நிறுத்தச் சொல்றியான்னு கேக்கறாரு."

இருசப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். சிரிக்கிற மாதிரிதான் இருந்தது.

"நல்லா வேடிக்கை பாருங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் வெளியே இருசப்பனின் குரல் கேட்டது.

"மழை வருதுடோய்! திண்டிவனம் பக்கம் கருக்குது! அம்பாரத்தை மூடுங்க!"

உப்பளத்தில் மழை என்றால் சோற்றில் கை வைத்தவனும் எழுந்து ஓட வேண்டும். குவித்து வைத்த உப்பு நனைந்தால் கோடை முழுக்கப் பட்ட பாடு தண்ணீராகப் போகும். அதுவும் சொன்னது இருசப்பன். அவர் சொல்லி இதுவரை மழை தப்பியதே இல்லை. பக்கத்து அளத்துக்காரர்கள்கூட வானத்தைப் பார்க்க மாட்டார்கள், அவர் வாயைப் பார்த்துத்தான் உப்பை மூடக் கீற்று எடுப்பார்கள். அந்தப் பெருமையில் மனிதர் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பார்.

முதலாளி ஃபோனை வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கணக்கரும் வாட்ச்மேனும் பின்னாலேயே ஓடினார்கள். ஆபீஸில் மிஞ்சியது கலைமதியும் ஃபோனும்தான்.

நியாயமாக அவளும் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. லைனைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் செருகினாள். கரகரவென்று இழுத்துக்கொண்டு நெட் வந்தது. எர்ரரை அப்படியே தட்டித் தேடினாள். ஊர் பேர் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான், இதே எர்ரரில் மாட்டிக்கொண்டு மீண்ட கதையை எழுதி வைத்திருந்தார்.

விஷயம் இவ்வளவுதான். புது மெயில் சாஃப்ட்வேர் தன்னோடு ஒரு பழைய ஜாவாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. கல்யாணத்துக்கு வந்தவரோடு ஒட்டிக்கொண்டு வந்த ஆள் முதல் பந்தியில் உட்கார்ந்த மாதிரி, அது வரிசையில் முன்னால் உட்கார்ந்துவிட்டது. புது ஜாவாவில் எடுத்த புரோகிராம் அதற்குப் புரியவில்லை. கலைமதி பழையதைப் பின்னால் தள்ளிப் புதியதை முன்னால் வைத்தாள். கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டாள். புரோகிராம் திறந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்று மணிக்கு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார் முதலாளி. வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மழையுமில்லை, ஒன்றுமில்லை.

"கண்ணு டாக்டரைப் போய்ப் பாருய்யா மேஸ்திரி!" என்று எரிந்து விழுந்தார்.

"செத்த தலை சாய்க்கலாம்னு உக்காந்தோம். ஓட வெச்சியே, நல்லா இருப்பியா!" என்றாள் கீற்று தூக்கிய தையல்நாயகி.

"சாயந்திரம் மூட வேண்டியதை இப்பவே மூடிட்டீங்க. வேலை மிச்சம்தானே" என்றார் இருசப்பன், யார் முகத்தையும் பார்க்காமல்.

முதலாளி கண்ணெதிரிலேயே சீட்டு அச்சாகி வந்தது. "அட, ஓடுதே! சரிம்மா, நீ பாட்டுக்கு வேலையைப் பாரு" என்றார்.

கலைமதிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தெம்பில் வாய் சும்மா இருக்குமா?

"மேஸ்திரி, உங்களையும் அப்கிரேடு பண்ணணும் போல இருக்குதே!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருசப்பனும் சிரித்தார்.

கூட்டம் கலைந்ததும் அடுத்த லாரிக்குச் சீட்டு வாங்க ஜன்னலுக்கு வந்தார் அவர். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகவில்லை.

"இந்தப் பொட்டி வந்தப்புறம்தாம்மா லாரிக்காரன் சண்டை நின்னுது. லோடு ஏத்தற பொம்பளைங்க நேரத்துக்கு உக்காந்து சாப்புடறாங்க" என்றார் மெதுவாக. "ஒரு மணி நேரம் போதுமா இருந்துச்சா?"

கலைமதி ஜன்னல் வழியாக மேகமே இல்லாத வானத்தை எட்டிப் பார்த்தாள்.

"இனிமே ஒரே நாள்ல ரெண்டையும் மாத்தாதம்மா. எனக்கு மேகம் ஒரு தடவைதான் தப்பும்."