தொப்பி தப்பு

"இந்தத் தொப்பி தப்பு!"

அந்தச் சீனாக்காரம்மா மேஜையில ஓங்கி ஒரு குத்து குத்துச்சு. என் கம்ப்யூட்டர் எகிறிக் குதிச்சு உக்காந்துச்சு.

இது நடந்தது ரெண்டாயிரத்து ஏழுல. செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துக்கு நாலு கடை தள்ளி என் பிரவுசிங் சென்டர். கம்ப்யூட்டர் அஞ்சு, ஓடறது மூணு. அந்தம்மா பேரு லின். தியானம் பண்ண வந்த பொம்பளை. என் கடையிலதான் பண்ணுச்சு, அதுவும் கத்திக்கினே.

நெட்ல இறக்கிப் பாக்கறது ஒரு ஜப்பான் கார்ட்டூன். கதை நடக்கறதோ பழைய சீனா அரண்மனையில. ராஜா, ராணி, மந்திரி எல்லாரும் ஜப்பான் பாஷை பேசுவாங்க.

"அந்தக் காலத்துல எவன் இந்தத் தொப்பி போட்டான்? ராணி முன்னாடி வேலைக்காரி இப்படியா நிப்பா? எங்க ஊரைப் பத்தி இவங்களுக்கு என்ன தெரியும்?"

இதை இங்கிலீஷ்ல சொல்லும். எனக்கும் புரியணுமாம்.

"புடிக்கலைன்னா எதுக்கும்மா பாக்கறே?"

"தப்பு கண்டுபிடிக்க!"

டீ கொண்டாந்து வெச்ச என் சம்சாரம் உண்ணாமலை சிரிச்சா. "நம்ம பாரதக் கூத்துல துரியோதனன் கூலிங்கிளாஸ் போட்டுக்கினு வர்றான். அஸ்தினாபுரத்துலருந்து எவனாச்சும் வந்து மேஜையைக் குத்தினானா?"

எனக்குச் சிரிப்பு வரலை. பக்கத்துக் கம்ப்யூட்டர்ல தலையைத் தொங்கப் போட்டுக்கினு இருந்தான் நோபுரு. ஜப்பான்காரன். அந்தத் தொப்பியை வரைஞ்சவனே அவன்தான்.

எனக்கு மட்டும் சொல்லியிருந்தான். மூணு வருஷம் அந்தக் கார்ட்டூனுக்கு வரைஞ்சானாம். அதுக்காகவே சீன பாஷை படிச்சானாம். படம் வந்ததும் சீனாக்காரங்க இன்டர்நெட்ல கிழி கிழின்னு கிழிச்சுட்டாங்க. இனிமே பென்சிலையே தொட முடியலைன்னு இங்க ஓடியாந்துட்டான். அடுத்த பாகத்துக்கு வரைய வர்றியான்னு கம்பெனிக்காரன் கேட்டிருக்கான். மாசம் முடியறதுக்குள்ள பதில் சொல்லணும்.

"அந்தம்மாகிட்ட சொல்லிடாதீங்க, பலராமன்"னு எங்கிட்ட கெஞ்சினான்.

பாவம்யா! திட்டுக்குப் பயந்து இவ்ளோ தூரம் வந்தா, அந்தத் திட்டு டிக்கெட் வாங்கிக்கினு வந்து பக்கத்து சீட்லயே உக்காந்துக்கிச்சே!

மறுநாள் அந்தம்மா தலை தெரிஞ்சதும் மேஜைக்குக் கீழ குனிஞ்சு நெட் வயரைப் புடுங்கிட்டேன்.

"நெட் இல்லம்மா. லைன்ல ஃபால்ட்."

நெட் இல்லைன்னா கார்ட்டூன் இறங்காது. கார்ட்டூன் இல்லைன்னா திட்டு இல்ல. எப்படி என் மூளை!

அந்தம்மா போகலை. பெஞ்சுல உக்காந்து ஒரு நோட்டுல சீன எழுத்துல கடகடன்னு எழுதுச்சு. மூஞ்சி கடுகடுன்னு இருந்துச்சு. திட்டறதுக்கு ஸ்டாக் சேக்குது போலன்னு நெனச்சேன். அது போனப்புறம் நோபுரு வருவான். வயரைச் சொருகிடுவேன். இப்படியே நாலு நாள்.

"ஒரு மனுசனைக் காப்பாத்தறேன்டி. அண்ணாமலையார் பாத்துக்கினுதான் இருப்பாரு"ன்னு உண்ணாமலைகிட்ட பீத்திக்கினேன்.

"வயரையும் சேத்துத்தான் பாப்பாரு"ன்னா.

நாலாம் நாள் சாயங்காலம் நோபுரு வந்தான். மூஞ்சியில ரத்தமே இல்ல.

"கனெக்‌ஷன் குடுங்க பலராமன். வரலைன்னு கம்பெனிக்கு எழுதிடறேன். இனிமே நான் வரையப்போறதில்ல."

"ஏன்யா? அந்தம்மாதான் இப்ப திட்டறதே இல்லையே!"

"அவங்க திட்டினதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். சீனாவுல ஒரு இன்டர்நெட் பக்கம் இருக்கு. அங்க எல்லாரும் என் படத்தைத் திட்டுவாங்க. ஒரே ஒரு ஆள் மட்டும் எனக்காக அத்தனை பேர்கிட்டயும் சண்டை போடும். 'மலைப்பூனை'ன்னு புனைபேர். அதைப் படிக்கத்தான் தினமும் உங்க கடைக்கு வந்தேன். நாலு நாளா ஒரு வரி இல்ல. அந்த ஆளுக்கும் நான் வேணாம்னு ஆயிடுச்சு."

பெஞ்சுல அந்தம்மா மறந்துட்டுப்போன நோட்டு கெடந்துச்சு. ஓரமா வைக்கலாம்னு எடுத்தேன். நோபுரு அதோட அட்டையைப் பாத்தான். வெடுக்குனு புடுங்கிக்கினான்.

"மலைப்பூனைன்னு எழுதியிருக்கு!"

பக்கத்தைப் புரட்டினான். படிச்சுப் படிச்சு எனக்கும் சொன்னான்.

"'தொப்பி தப்புதான். நானும் திட்டினேன். ஆனா அரண்மனை முற்றத்துல பெய்யற மழையைப் பாத்தீங்களா? நம்ம ஊர் மேல ஆசை இல்லாதவன் அந்த மழையை வரைய முடியாது. இவனை நேர்ல பாத்தா தொப்பிக்காகக் காதைத் திருகுவேன். மழைக்காகக் கையெடுத்துக் கும்பிடுவேன். நான் திட்டலாம். முழுசாப் பாக்காத நீங்க யாரும் திட்டக்கூடாது.'"

நாலு நாளுக்கும் நாலு பதில் இருந்துச்சு. ஒவ்வொண்ணும் மூணு பக்கம். உண்ணாமலை இடுப்புல கைய வெச்சுக்கினு என்னையே பாத்தா.

நோபுரு கண்ணைத் தொடைச்சுக்கினான். "இவ்ளோ எழுதிட்டு ஏன் ஒண்ணைக்கூட அனுப்பலை?"

அந்த நேரம் பாத்து, நோட்டைத் தேடிக்கினு அந்தம்மாவே வாசல்ல வந்து நின்னுச்சு.

"நெட் வந்துடுச்சா?"

மனுசனைக் காப்பாத்தின புண்ணியவான் அதுக்குள்ள மேஜைக்கு அடியில பூந்துட்டேன், அந்த வயரைத் தேடிக்கினு.