மயிலுக்குக் கால் சுளுக்கு

ஆலமரத்தடியில் காலைதோறும் மைனா சேதி சொல்லும். அவரவர் ருசி அதற்குத் தெரியும். காக்கைக்கு அரண்மனை மயிலைப் பற்றிய சேதி, ஆட்டுக்கு அக்கம்பக்கத்துச் சேதி.

அன்று பெரிய காற்று ஒன்று அடித்து ஓய்ந்திருந்தது. குஞ்சுக்கு இரை தேடப் போன காக்கை, கிடைத்த புழுவோடு நேரே அங்கே வந்து இறங்கியது. புழுவைக் காலடியில் வைத்துக்கொண்டு கேட்டது:

"மைனாத் தம்பி, மயிலுக்குக் கால் சுளுக்குன்னியே, இப்ப எப்படி இருக்கு?"

"வைத்தியர் வந்தாராம் அக்கா. இன்னும் ஆடக் கூடாதாம்."

"ஐயோ பாவம்! சாமி, நீதான் காப்பாத்தணும்." காக்கை கண்ணை மூடி வேண்டிக்கொண்டது.

எங்கிருந்தோ ஒரு குஞ்சு வீறிட்டுக் கத்தியது.

"ச்சே, சேதி கேக்க விடுதா பாரு! பெத்தவ எங்க போய்த் தொலைஞ்சாளோ! நீ சொல்லு, மயிலு சாப்பிட்டாரா?"

"ரெண்டு திராட்சை சாப்பிட்டாராம்."

"அப்பாடா!"

பிறகு ஆடு கேட்டது. "எனக்கு என்னப்பா சேதி?"

"காத்துல குளத்தங்கரை வேப்பமரத்துக் கூடு சரிஞ்சிருச்சு அண்ணே. குஞ்சு வேலி முள்ளுல மாட்டிக்கிட்டுக் கத்துது."

காக்கை துள்ளி எழுந்தது. "அது என் கூடுடா! என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க மயிலைப் பத்தித்தானே கேட்டீங்க அக்கா?" மைனா விழித்தது.

காக்கை பறந்தது. முள்ளுக்குள் குஞ்சு உயிரோடுதான் இருந்தது. கத்திக் கத்திக் கம்மிப்போன குரலில் கேட்டது:

"எங்கேம்மா போயிருந்த?"

புழு ஆலமரத்தடியிலேயே கிடந்தது.