பனிலிங்கம்

இந்தம்மாவுக்கு மூளை கீளை குழம்பிவிட்டதா என்றுதான் நரேனுக்குத் தோன்றியது.

மனைவியோடு வேலை பார்ப்பவர், இன்றைக்குத்தான் முதல்முறையாக அவன் காரில் கூட வந்தவர், யாழ்ப்பாணத்து யோகராணி அன்ரி. மலையுச்சியில், கொட்டிக் கிடந்த பனியில் முழந்தாளிட்டு, கைகூப்பிக்கொண்டு சொன்னார்:

"எல்லாரும் சப்பாத்தைக் கழட்டுங்கோ. சிவலிங்கம்."

அது சிவலிங்கமில்லை. நரேனின் ஏழு வயது மகள் லக்ஷ்மிப்ரியா செய்துகொண்டிருந்த பனிமனிதனின் உடம்பு.

வசந்தகாலத்தில் அதிசயமாகப் பனி பெய்திருக்கிறதென்று, செவன் ஹில்ஸிலிருந்து நாலைந்து குடும்பங்கள் ப்ளூ மவுண்டன்ஸைத் தாண்டி இந்தக் குட்டி மலைக்கு வந்திருந்தன. அடிவாரத்தில் பிள்ளை ஒரு பனிமனிதன் செய்தாள். கூட வந்திருந்த சந்திரகலாவின் தடிப் பையன்கள் இருவரும் உதைத்துத் தள்ளினார்கள். பாதி வழியில் இன்னொன்று செய்தாள், அதுவும் போச்சு. நரேன் முறையிட்டதற்கு, பசங்கன்னா அப்படித்தான் சார் என்று சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தாள் சந்திரகலா.

உச்சியிலாவது ஒன்று முழுசாக நிற்க வேண்டுமென்று பிள்ளை அதற்குத் தலையை உருட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் அன்ரிக்கு இந்த அருள்.

சந்திரகலாவுக்குப் பக்தி பொங்கிவிட்டது. ஓடி வந்த மகன்களைப் பிடரியில் கைவைத்துக் குனிய வைத்தாள். யாரோ கைப்பையிலிருந்து விபூதி எடுத்து அதற்குப் பட்டையே போட்டுவிட்டார்கள். எல்லோரும் ஈர சாக்ஸோடு பிரதட்சிணம் வந்தார்கள். பல் கிடுகிடுத்ததில் நமச்சிவாயம் பாதிதான் வெளியே வந்தது. வழியே வந்த வெள்ளைக்காரத் தம்பதிகூட, எதற்கும் இருக்கட்டுமென்று பூட்ஸைக் கழற்றினார்கள்.

"டாட், இட்ஸ் மை ஸ்னோமேன்" என்று கையில் தலையும் கேரட்டுமாக நின்று விசும்பினாள் லக்ஷ்மிப்ரியா.

நரேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள், சாமி விஷயம் சார் என்று சந்திரகலா அடக்கிவிட்டாள். மகன்களிடம், "தொட்டீங்க, கை அழுகிடும்" என்றாள்.

விறைத்த கால்களோடு கூட்டம் இறங்கியது. நரேன் பிள்ளையைத் தேற்றிக்கொண்டு நின்றான்; அன்ரியும் சப்பாத்து நாடா கட்டுகிற சாக்கில் பின்தங்கினார்.

"பிள்ளை, கெதியா தலையைக் கொண்டு வாங்கோ. இனி ஒருத்தரும் உதைக்க மாட்டினம்."

தலை ஏறியது, கேரட் மூக்கும் ஏறியது. பிள்ளை கைகொட்டிச் சிரித்தாள். சற்றுமுன் அன்ரியைப் பற்றி நினைத்ததற்கு நரேனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் விபூதிப் பட்டைக்கு மேலே கேரட்டைப் பார்க்க உள்ளூர ஒரு உதறல்.

"ஆன்ட்டி, சாமி குத்தம் ஆகிடாதே?"

"எனக்கென்ன தெரியும் தம்பி? நான் வேதக்காரி."

நரேனுக்குத் தெம்பு வந்துவிட்டது. நாலு வேதமும் படிச்சவங்களே பக்கத்தில் இருக்கும்போது எனக்கென்ன பயம் என்றான்.

அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாலு வேதமோ? நான் ஒரு பைபிளையே இன்னும் முழுசா வாசிச்சு முடிக்கேல்லை, தம்பி."