ஒளித்து வைத்த வைப்பர்

பகல் மூன்று மணிக்கே அட்டுவம்பட்டியில் மலைப்பனியாய் மஞ்சு இறங்கிவிட்டது. ஷெட் வாசலில் நிற்கும் பழைய அம்பாசடரின் மேல் குனிந்திருக்கிறார் மெக்கானிக் அருளப்பன். வைப்பர் வெளியே தெரியாதபடி கண்ணாடிக்குக் கீழே தகரத்தை வெட்டிப் பள்ளம் செய்தாயிற்று. இந்த ஊர் டிரைவர்கள் வண்டியை நிறுத்தியதும் வைப்பரைக் கழற்றி சீட்டுக்கு அடியில் போட்டுக்கொள்வார்கள். இந்த வண்டிக்காரருக்கு மட்டும் எதற்கு இவ்வளவு மறைப்பு? "திருட்டுப் பயலுக ஜாஸ்தியாயிட்டானுக. வெரசா முடிங்க" என்று காகிதத்தைப் பிரித்து வைப்பர்களை நீட்டுகிறார் கார்க்காரர் சவரிமுத்து. ஒன்றின் கழுத்தில் மூன்று சுற்றுச் செம்புக் கம்பி, முனை உள்ளே மடித்துச் செருகியிருக்கிறது. அப்படி மடிப்பது அருளப்பன் கை மட்டும்தான். போன மாதம் புஷ்பமேரி டீச்சர் காருக்குக் கட்டியது. முந்தாநாள் மழையில் அந்த அம்மா ஜன்னல் வழியே தலையை நீட்டியபடி வண்டி ஓட்டிப் போனதை அருளப்பன் பார்த்தார். "புதுசுங்களா?" என்கிறார் அருளப்பன். "மதுரையில வாங்குனது." அருளப்பன் நட்டை முறுக்குகிறார். சவரிமுத்து உள்ளே ஏறிக் கதவைச் சாத்துகிறார். கண்ணாடி முழுக்க மஞ்சு படிந்திருக்கிறது. "வைப்பர் வெளிய தெரியலயே?" "தெரியாதுங்க. போட்டுப் பாருங்க." வைப்பர் பள்ளத்திலிருந்து எழுந்து ஒரு வீச்சு வீசுகிறது. துடைத்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அருளப்பன் கண் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். சவரிமுத்து சுவிட்சை அணைத்துவிட்டு, கண்ணாடி மறுபடி மங்கட்டும் என்று காத்திருக்கிறார்.