சுழியோடப் போன மாப்பிள்ளை

“கடலுக்குள்ளை இறங்கிச் சுழியோடவோ? கலியாணத்துக்கு முன்னமோ?”

சிவக்கொழுந்து வடைத்தட்டை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஓம் மாமி. கல்கிசைக் கடலிலை ஒஸ்வால்ட் எண்டொருத்தர் கூட்டிக்கொண்டு போறார். ஞாயிற்றுக்கிழமை நானும் சிவமணியும் இறங்குவம். நீங்கள் கரையிலை இருந்து பாருங்கோ” என்றான் தயாபரன்.

லண்டன் மாப்பிள்ளை. போர்நிறுத்தத்தில் துவக்குகள் கொஞ்சம் வாய்மூடியிருந்த 2002இல் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து, சிவக்கொழுந்தின் மகள் சிவமணியையும் பெண்பார்த்து, பேச்சும் முடிந்தாயிற்று. தாலி கட்டுவதுதான் பாக்கி.

“தமிழ்ப் பொடியன் கடலுக்கடியிலை போனால் நேவி சும்மா விடுமோ தம்பி?”

“அனுமதி எடுத்தாச்சு மாமி.”

“உப்புத் தண்ணி பட்டால் பிள்ளை கறுத்துப்போவாள்.”

“அதுக்கும் உடுப்பு இருக்கு மாமி.”

இனி என்னத்தைச் சொல்வது? உண்மையைச் சொல்லலாம். அதுதான் வாயில் வரமாட்டேன் என்கிறது. சிவமணிக்குப் பிறவியிலேயே இருதயத்தில் சின்ன ஓட்டை. “வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம், பயமில்லை” என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடலுக்கடியில் போகலாமோ என்று எந்தத் தாய் கேட்டு வைப்பாள்! புரோக்கருக்குச் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கரைக்குப் போனால், மாப்பிள்ளையின் பெரியம்மாவும் குடையோடு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட் காற்றுச் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தபடி கேட்டார்: “ஆஸ்துமா, இருதய வருத்தம் யாருக்காவது இருக்கா? மறைக்காம சொல்லிருங்க.”

சிவமணி வாயைத் திறந்தாள். சிவக்கொழுந்து முந்திக்கொண்டாள்.

“என்ரை பிள்ளைக்கு ஒரு தலையிடி காய்ச்சல்கூட வந்ததில்லை!”

“அப்ப சரி ஆன்ட்டி. ஏன் கேட்டேன்னா, மேலே ஏறி வரும்போது ரத்தத்தில காத்துக் குமிழி வரும். நல்ல ஆளுக்கு நுரையீரல் அதை வடிச்சிரும். இருதயத்தில ஓட்டை இருந்தா, அதால பூந்து மூளைக்கே போயிரலாம். அதோட ஆள் முடிஞ்சான்.”

சிவக்கொழுந்து சட்டென்று கடற்பக்கம் திரும்பினாள். பிள்ளையும் மாப்பிள்ளையும் என்னவோ கதைத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போகிறார்கள். ‘வேண்டாமடி!’ என்று கத்தவேண்டும். கத்தினால் பெரியம்மாவுக்குத் தெரிந்துவிடும், கலியாணம் போய்விடும். முருகா, கலியாணம் பெரிசோ, பிள்ளை பெரிசோ? பதறிக்கொண்டு எழுந்தேவிட்டாள்.

அதற்குள் தயாபரன் தானே திரும்பி ஓடிவந்தான்.

“மாமி, எனக்குப் பயமாக் கிடக்கு. நான் இறங்கேல்லை. சிவமணியையும் தனிய விடமாட்டன்.”

பெரியம்மா குடையைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். ஒஸ்வால்ட் சிரித்தார். எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தது சிவக்கொழுந்துதான். போன உயிர் திரும்பி வந்துவிட்டதே!

ஓட்டோ தெகிவளை தாண்டுவதற்குள் அந்தச் சந்தோசம் ஆறிப்போயிற்று.

“என்ன ஆம்பிளையடி இவன்! முழங்கால் தண்ணியைக் கண்டே நடுங்கிறான். இந்தப் பயந்தாங்கொள்ளியை நம்பியோ நான் உன்னை லண்டனுக்கு அனுப்புறது?”

“அம்மா, அவர் செங்கடலிலை எத்தினையோ தரம் சுழியோடினவர்.”

“அப்ப இண்டைக்கு என்ன வந்தது அவருக்கு?”

“தண்ணிக்குக் கிட்டப் போகேக்கை ஓட்டையைப் பற்றி நான் சொல்லிப்போட்டன். ‘இதை ஏன் மாமி மறைச்சவ, நான் என்ன வேண்டாமெண்டோ சொல்லப்போறன்’ எண்டு கேட்டவர்.”

“அப்ப பயமெண்டு ஏனடி சொன்னவர்?”

“பெரியம்மாவுக்கு முன்னாலை உங்களைப் பொய்க்காரி ஆக்கக்கூடாதெண்டுதானம்மா, அவர் பயந்தாங்கொள்ளி ஆனவர்.”