ராஜாவின் வாய்

“இந்த சிக்லிட் மீன் பேரு ராஜா. இந்த வகையில பொட்டை மீன்தான் குஞ்சுகளை வாய்க்குள்ளயே வச்சு வளர்க்கும். இவன் அசல் ஆம்பளை. அஞ்சு வருஷமா இவனைச் செதில் செதிலா எனக்குத் தெரியும், தம்பி” என்று வீட்டுச் சாவியைக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு, மேலாளர் மனைவியோடு வெளியூர் போனார்.

நாலாம் நாளே ராஜா மல்லாந்து மிதந்தது. குமாஸ்தாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் வேலையை நிரந்தரமாக்கும் தாள் மேலாளரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. நாலைந்து கடை ஏறி இறங்கி, அச்சு அசலாக அதே மஞ்சளில் ஒன்றை வாங்கித் தொட்டியில் விட்டான்.

திரும்பி வந்த மேலாளர், செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் குனிந்தார்.

“பார்த்தியா, என்னைக் கண்டதும் ஓடி வர்றான். கன்னம் உப்பியிருக்கு. நல்லா சாப்பிட்டிருக்கான்.”

பெருமை தாங்காமல் கண்ணாடியைத் தட்டினார். மிரண்டுபோன ராஜா வாயைத் திறந்தது. கடுகு கடுகாகப் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் வெளியே நீந்தின.

மேலாளர் மெதுவாக நிமிர்ந்தார். “இது என் ராஜா இல்ல. யார் மாத்தினது?”

குமாஸ்தா வாயைத் திறந்தான். அதற்குள் மேலாளரின் மனைவி கையிலிருந்த பெட்டி நழுவி விழுந்தது.

“கோவிச்சுக்காதீங்க. போன வருஷம் நீங்க பயிற்சிக்குப் போனப்பவே அது செத்துப்போச்சு. கடைக்காரன் ஆம்பளைன்னு சத்தியம் பண்ணித்தான் இதைக் குடுத்தான்.”

குமாஸ்தா வாயை மூடிக்கொண்டான்.