இருபத்தொரு நாள் தாகம்

கத்தரிச்செடிகளைத் தாகத்தில் வாட்டுவதுதான் பேச்சியம்மாளின் வேலை. விதைப்பண்ணையில் குழாயைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இருபத்தொரு நாள் காவல் இருப்பாள். செடி சாகிற கட்டத்துக்கு வந்ததும் திறந்துவிடுவாள். "செடி தான் பட்ட பாட்டையெல்லாம் குட்டிக் குட்டி ஆர்.என்.ஏ. சேதியா விதைக்குள்ள அனுப்பிரும்மா" என்பார் மேலாளர் மெய்யப்பன். விதைப் பொட்டலத்திலும் 'தாகம்: 21 நாள்' என்றே அச்சிட்டிருக்கும். அவளுக்கு என்னவோ அது பாவமாகத்தான் பட்டது. தொங்கிப்போன இலைகளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள்.

அதில் ஒரு பொட்டலத்தைச் சாயல்குடியில் தன் மானாவாரிக் காட்டில் போட்டாள். நாற்று வேர் பிடித்ததுமே மழை பொய்த்துவிட்டது. அக்கம்பக்கத்துக் கத்தரியெல்லாம் கருகிப்போனது. இவள் காட்டில் மட்டும், வெயில் ஏறுவதற்கு முன்பே, எல்லாச் செடிகளும் ஒன்றுபோல இலையைச் சுருட்டிக்கொண்டன. சாயங்காலம் விரித்தன. போதாததற்கு ஊதாப்பூ வேறு விட்டிருந்தன.

அவள் கணவன் காத்தமுத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். "மழ இல்லாத நாள இதுக இப்பத்தான மொத மொத பாக்குதுக? யாரு புள்ள சொல்லிக் குடுத்தா?"

யாரென்று பேச்சியம்மாளுக்குத் தெரியும்.

மறுநாள் பண்ணையில், அந்தப் பொட்டலத்துக்கு விதை தந்து முடித்த தாய்ச்செடிகளைப் பிடுங்க ஆட்கள் வந்திருந்தார்கள். அவள் அவர்களுக்கு முன்னால் போய், தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை முதல் செடியின் தூரில் கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள்.

"பிடுங்கப்போற செடிக்கு எதுக்கும்மா தண்ணி?" என்றார் மெய்யப்பன்.

அவள் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இதோட பிள்ளைக எல்லாம் பொழைச்சுக்கிருச்சு சார். அதச் சொல்ல வந்தேன்."